புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு: முதல் மூன்று வருடத்தில் செய்ய வேண்டியவை

வேலைக்குச் சேரும் முதல் நாள் ஒரு நாற்காலியைக் காட்டி, ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து, நாலு பேர் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பத்தே நிமிடத்தில் அந்த நாலு பெயரும் மறந்துவிடும். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதுவரை நமக்குப் பழக்கமெல்லாம் பரீட்சைதான். கேள்வி தெளிவாக அச்சடித்து வரும், பதில் எங்கேயோ ஒரு பக்கத்தில் இருக்கும், எவ்வளவு நேரம் என்பதும் தெரியும். வேலையில் கேள்வியே பாதிதான் வரும், மீதியை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இது புரியவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, அந்த ஒரு வருடத்தில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஆரம்ப வருடங்களில் உங்கள் மூளையைப் பார்த்து யாரும் அசந்துபோகப் போவதில்லை. எதிர்பார்ப்பதும் இல்லை. மேலே இருப்பவர் உங்களைப் பற்றி மனசுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் நான் அதை மறந்துவிடலாமா, அல்லது நடுவில் மூன்று தடவை "என்ன ஆச்சு" என்று கேட்க வேண்டுமா? மறந்துவிடலாம் என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்தடுத்து பெரிய வேலையாக வர ஆரம்பிக்கும். வராவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சின்ன வேலையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நோட்டுப் புத்தகம்

சிரிக்காதீர்கள். பேனாவும் நோட்டும்தான். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்மேலேயே சோதனை செய்து 1885-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் கழன்றுவிடுகிறது என்பது அவர் கண்டது. புது வேலையில் முதல் மாதம் காதில் விழும் சுருக்கெழுத்துப் பெயர்களும் கோப்புப் பெயர்களும் கிட்டத்தட்ட அதே அர்த்தமில்லாத அசைகள்தான், அதனால் நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதிய முறை இது. இடது பக்கம் சொல்லப்பட்டது, வலது பக்கம் எனக்குப் புரியாதது. கூட்டம் முடிந்ததும் வலது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் உட்காருவேன். மேலாளரிடம் இல்லை, நமக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவரிடம். அவருக்குத்தான் புதிதில் எது புரியாது என்பது இன்னும் நினைவிருக்கும். பத்து வருடம் ஆனவருக்கு அதெல்லாம் காற்று மாதிரி ஆகியிருக்கும், விளக்கத் தெரியாது.

எழுதியதைத் திருப்பிச் சொல்வது அடுத்தது, இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. நம் பேச்சில் "கொஞ்சம் பாருங்க" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே, அதைப் போல ஆபத்தானது வேறில்லை. "அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றால் படித்துப் பார்க்கச் சொல்கிறாரா, தப்பைத் திருத்தச் சொல்கிறாரா, முடித்து அனுப்பிவிடச் சொல்கிறாரா? மூன்றும் அர்த்தம்தான். நான் படித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன், அந்தப் பக்கம் அது அனுப்பப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு எந்த வேலை வந்தாலும் இரண்டு வரியில் பதில் எழுதிவிடுவேன்: "நான் புரிந்துகொண்டது: எண்களைச் சரிபார்த்து, திருத்தி, வியாழன் மாலைக்குள் உங்களுக்கு அனுப்ப வேண்டும், வாடிக்கையாளருக்கு நீங்கள் அனுப்புவீர்கள். சரிதானே?" இது எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. பாதி நேரம் பதில், "இல்லையில்லை, வியாழன் வேண்டாம், புதன்" என்றுதான் வரும். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பது

இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் கேட்பவர் ஒருவர், எதையுமே கேட்காமல் இரண்டு நாள் முட்டிக்கொண்டிருப்பவர் இன்னொருவர். நான் இரண்டாவது. கேட்டால் இது கூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே உண்டு. நன்றாகச் செய்துகொண்டிருப்பவர்களே தங்களைப் போலி என்றும் என்றாவது மாட்டிக்கொள்வோம் என்றும் நினைப்பதைப் பற்றி, பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-லேயே எழுதிவிட்டார்கள், அதுவும் நிறைய சாதித்த பெண்களைப் பார்த்து. ஆண்களுக்கும் அது இருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. ஆக, உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

நான் வைத்துக்கொண்ட கணக்கு அரை மணி நேரம். அரை மணி நேரம் நானே தேடுவேன், பழைய கோப்பைப் புரட்டுவேன், முயன்று பார்ப்பேன். அதற்கு மேல் போனால் கேட்டுவிடுவேன். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "சார், இது வரல" என்று ஒரு வரி அனுப்பினால், எதிரில் இருப்பவர் எது, எங்கே, எப்படி வரல என்று நாலு கேள்வி கேட்டு, அப்புறம்தான் பதில் தேடவே ஆரம்பிக்க முடியும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "மார்ச் மாதக் கணக்கில் கிளை வாரியான கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை, 3 வரிகள் குறைகின்றன. பிப்ரவரிக் கோப்பில் அதே சூத்திரம் சரியாக வருகிறது. புதிதாகச் சேர்ந்த கிளைகள் பட்டியலில் இல்லாததுதான் காரணமோ என்று சந்தேகம். அந்தப் பட்டியலை யார் புதுப்பிப்பார்கள்?" இதைப் படிப்பவருக்கு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள் என்று தெரியும், பதிலும் ஒரு பெயராக மட்டும் வந்துவிடும். இப்படி எழுதிக்கொண்டு போகும்போதே பாதி கேள்விகளுக்குப் பதில் நமக்கே கிடைத்துவிடும் என்பது தனி லாபம், அனுப்பாமலே அழித்த கேள்விகள் என்னிடம் ஏராளம்.

இன்னொன்று, ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்காதீர்கள். முதல் தடவை கேட்டால் புதியவர் என்பார்கள், இரண்டாவது தடவை பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாவது தடவைக்குத்தான் நோட்டு.

தப்பு செய்தால்

செய்வீர்கள். செய்யாமல் யாரும் தப்பித்ததில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். எக்செல் தாளில் ஒரு பக்கம் வாடிக்கையாளர் பெயர், பக்கத்தில் அவர்கள் பாக்கித் தொகை. பெயரை அகர வரிசைப்படி அடுக்கச் சொன்னார்கள். நான் பெயர் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கினேன். பக்கத்து நிரலையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கத்தான் செய்தது, நான் படிக்காமல் வேண்டாம் என்று அழுத்தினேன். பெயர்கள் எல்லாம் இடம் மாறின, தொகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பார்க்க அத்தனை ஒழுங்காக இருந்தது! மொத்தக் கூட்டுத்தொகைகூட சரியாக வந்தது, வரத்தானே செய்யும். சாயங்காலம் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்தபடி திரும்ப யோசித்தபோது சுருக்கென்றது. எழுந்து கோப்பைத் திறந்து பார்த்தேன், ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் இருந்தது. அப்போது நான் செய்ய வேண்டியது ஒரு செய்தி அனுப்புவது. செய்தது, விடியற்காலை வரை தூங்காமல் அதைத் திருத்தி, காலையில் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று திட்டம் போட்டது. காலை பதினொரு மணிக்குள் அந்தப் பட்டியலை வைத்து இரண்டு பேர் வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மதியம் மேலாளர் கூப்பிட்டார். கத்தவில்லை. "தப்பு பண்ணதுகூட பரவாயில்ல. நேத்து ராத்திரியே தெரிஞ்சும் இப்போ வரைக்கும் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியல" என்றார். அடுத்த நாலு மாதம் நான் அனுப்பிய ஒவ்வொரு கோப்பையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் வெளியே போனது.

அதனால், கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, யாரைப் பாதிக்கும், நான் இதுவரை என்ன செய்திருக்கிறேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். இந்த நாலு மட்டும். மன்னிப்பு ஒரு முறை போதும், ஐந்து முறை கேட்டால் எதிரில் இருப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கும். யார் காரணம் என்ற ஆராய்ச்சியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தப்பு திரும்ப வராமலிருக்க "இனிமேல் கவனமாக இருக்கிறேன்" என்பது உதவாது, நான் சொன்னவன் என்பதால் சொல்கிறேன். 1935 அக்டோபரில் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 என்ற புது குண்டுவீச்சு விமானம் சோதனை ஓட்டத்தில் மேலெழும்பியதுமே விழுந்து நொறுங்கியது. நிறுத்தி வைத்திருக்கும்போது, விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் பலகைகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்துபோனதுதான் காரணம். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை, அனுபவசாலிகள். அதற்குப் பிறகு விமானிகளுக்கு இன்னும் கவனமாக இருங்கள் என்று புத்தி சொல்லவில்லை, கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது அந்த விமானம்தான்.

என் அட்டையில் மூன்றே வரி: ஏதாவது மூன்று வரிகளை எடுத்து மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார், இணைத்திருப்பது கடைசித் திருத்தம்தானா பார், யாருக்குப் போகிறது என்று பெறுநர் பெயரைப் படி. திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

எப்போது முடியும் என்று கேட்டால்

நம் மனசு சொல்லும் தேதியை நம்பாதீர்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்ட ஒரு ஆய்வு 1994-ல் வெளிவந்தது. சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கு மேல். அதாவது, படுமோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன தேதியே போதவில்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், போன தடவை இதே மாதிரி வேலைக்கு எவ்வளவு ஆனது என்று நோட்டில் பார்ப்பது. சொன்ன நாள், ஆன நாள் என்று இரண்டு நிரல் போட்டு ஆறு மாதம் எழுதி வாருங்கள், நீங்கள் எத்தனை மடங்கு குறைத்துச் சொல்பவர் என்று தெரிந்துவிடும். நான் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இப்போதும் அப்படித்தான், திருந்தவில்லை, ஆனால் மனசு சொல்லும் நாளை ஒன்றரையால் பெருக்கிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை தர வேண்டியதைப் புதன்கிழமையே "திங்கள் ஆகும்" என்று சொன்னால் அது தகவல், அவர் தன் வேலையை மாற்றிக்கொள்வார். வெள்ளி மாலை ஆறு மணிக்குச் சொன்னால் அது சாக்கு. முழுசாக முடித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு ஆனதும் கொண்டுபோய், "இந்தத் திசையில்தான் போகிறேன், சரியா" என்று காட்டிவிடுங்கள். பத்து நாள் தப்பான பக்கம் நடப்பதைவிட அரைகுறையாகக் காட்டுவதில் வரும் கூச்சம் எவ்வளவோ மேல்.

அப்புறம் இந்த "பார்க்கிறேன்". நமக்கு நேராக முடியாது என்று சொல்ல வராது, அதனால் பார்க்கிறேன் என்போம். சொன்னவர் முடியாது என்ற அர்த்தத்தில் சொல்வார், கேட்டவர் நடந்துவிடும் என்று எடுத்துக்கொள்வார். கையில் ஏற்கெனவே இரண்டு வேலை இருக்கும்போது மூன்றாவது வந்தால், முடியாது என்றும் சொல்ல வேண்டாம், பார்க்கிறேன் என்றும் சொல்ல வேண்டாம். "இப்போது இதுவும் இதுவும் கையில் இருக்கிறது, இதை முதலில் எடுத்தால் அது அடுத்த வாரம் போகும், எதை முதலில் செய்யட்டும்?" என்று கேளுங்கள். முடிவை எடுக்க வேண்டியவர் அவர், அதற்குத்தான் அவருக்கு அந்தப் பதவி.

குறை சொன்னால்

முகம் சுண்டத்தான் செய்யும். வாய் மட்டும் உடனே திறக்கக்கூடாது. "இல்ல, அது ஏன்னா" என்று ஆரம்பித்தால் சொல்லவந்தவர் நிறுத்திக்கொள்வார், அடுத்த முறை சொல்லவே மாட்டார், உங்களைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லிக்கொள்வார். எழுதிக்கொண்டு, "ஒரு உதாரணம் சொல்ல முடியுமா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள். மறுநாள் யோசித்தால் அதில் பாதி நியாயமாகத் தெரியும். மீதி பாதி நியாயமில்லாமலும் இருக்கலாம். சொல்பவர் எல்லாரும் விவரம் தெரிந்து சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

யாரும் குறையே சொல்லவில்லை என்றால் அதுவும் நல்லதில்லை. "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "இதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றச் சொன்னால் எதை மாற்றச் சொல்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையான பதில் ஒன்று வரும்.

செய்ததை எழுதி வையுங்கள்

வருடக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் வரும்போது எல்லாருக்கும் கடைசி இரண்டு மாதம்தான் நினைவிருக்கும், உங்களுக்கும் சரி, மேலாளருக்கும் சரி. வாரக் கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரம் என்ன செய்தோம், அதனால் என்ன மாறியது என்று நாலு வரி எழுதுங்கள். "ரிப்போர்ட் வேலை பார்த்தேன்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "மூன்று நாள் ஆகிக்கொண்டிருந்த மாதக் கணக்கு இப்போது ஒரு நாளில் முடிகிறது" என்பது எழுத வேண்டிய விதம். சம்பள உயர்வு கேட்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்தப் பக்கங்கள்தான். பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்பதை அங்கே எடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

உங்கள் வேலைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தயாரித்த பட்டியலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று அந்த எக்செல் விவகாரம் நடக்கும்வரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒரு நாள் போன் செய்யும் அந்த இரண்டு பேர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன். பட்டியலில் நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த நாலு நிரல்களை அவர்கள் திறந்ததுமே மறைத்துவிடுகிறார்கள், அவர்களுக்கு வேண்டிய கடைசியாகப் பேசிய தேதி அதில் இல்லவே இல்லை. அரை நாள் உட்கார்ந்ததில் ஆறு மாதப் பயிற்சி வகுப்பில் கிடைக்காதது கிடைத்தது.

ஆட்களைப் பற்றியும் ஒன்று. கூடவே உட்கார்ந்திருக்கும் நாலு பேரோடு மட்டும் பழகாதீர்கள். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களை விசாரித்ததில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கும் ஆளிடமிருந்துதான் தகவல் வந்திருக்கிறது. யோசித்தால் நியாயம்தான், தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதற்காக ஊர்வம்பு பேசும் கூட்டத்தில் போய்ச் சேர வேண்டாம். அங்கே கேட்டுக்கொள்ளலாம், வாய் திறக்காதீர்கள், நீங்கள் எழுந்து போனதும் அடுத்த பேச்சு உங்களைப் பற்றித்தான்.

ராத்திரி பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போட்டுப் பழக்காதீர்கள், ஒரு மாதம் போட்டால் அது உங்கள் வேலை நேரம் ஆகிவிடும். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் வரும்.

கிளம்பும்போது

கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். எழுதினாலும் அனுப்பாமல் வைத்து, நன்றாக நடந்த ஒரு வாரத்தின் கடைசியில் எடுத்துப் படித்துப் பாருங்கள், அப்போதும் போகத் தோன்றினால் போய்விடுங்கள், அது சரியான முடிவாகத்தான் இருக்கும். புதிதாகக் கற்க ஒன்றும் வரவில்லை, கேட்டும் கிடைக்கவில்லை, ஒரு வருடம் இப்படியே ஓடிவிட்டது என்றால் அது போக வேண்டிய நேரம்.

போகும்போது ஒப்படைப்புக் குறிப்பு எழுதுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். தினமும் செய்வது, மாதம் ஒருமுறை செய்வது, எது உடைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தக் கோப்பைத் தொடவே கூடாது என்பது வரை. நான் பதினொரு பக்கம் எழுதினேன், எக்செல் கேட்கும் அந்தக் கேள்விக்கு என்ன அழுத்த வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. என் இடத்துக்கு வந்த தம்பி அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் போன் செய்தான். பூட்டி வைத்திருந்த ஒரு தாளின் பாஸ்வேர்டை எழுத மறந்திருந்தேன்.